பன்னிரண்டாவது கொப்பரை

அமெரிக்கத் தெற்கில் ஜார்ஜியா மாகாணத்திலேயே மிகக் கூர்மையான காது தன்னுடையதுதான் என்று ஆன்சல் தார்ன்வெல் துரை சொல்வார், அது உண்மையும்கூட. மாளிகையின் முன்கூடத்தில் உட்கார்ந்தபடியே, ஒன்றரை மைல் தள்ளிப் பருத்திக் காய் வெடிப்பது அவருக்குக் கேட்டது. எந்த அடிமை எந்த வரிசையில் கொட்டாவி விட்டான் என்று சாயங்காலம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதற்கான சவுக்கடியைக் கொடுக்கச் சொல்வார். "எனக்குத் தெரியாம என் நிலத்துல ஒரு எறும்பு இருமினது கிடையாது" என்பது விருந்துகளில் அவர் வழக்கமாகச் சொல்வது. விருந்தாளிகள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் மட்டும் அவருக்குக் கேட்டதில்லை. அடிமைக் குடிசையில் ஐம்பது பேர் கூடி, விடுதலை கேட்டு அழுவதும் பாடுவதும் முப்பது வருஷமாக நடந்துவந்தது. துணி வேகவைக்கும் இரும்புக் கொப்பரைகளில் விரிசல் விட்டதை வாசலில் கவிழ்த்து, விளிம்புக்கு அடியில் ஒரு கூழாங்கல்லைக் கொடுத்துவிட்டால், சத்தமெல்லாம் அதற்குள் போய்விடும். முடிந்ததும் கல்லை உருவிவிடுவார்கள். நிமிர்த்தக் கூடாது, நிமிர்த்தினால் உள்ளே இருப்பது காற்றோடு போய்விடும், திரும்பாது. அப்படிப் பதினொரு கொப்பரைகள் நிறைந்திருந்தன.

பன்னிரண்டாவது சின்னது. சமையற்காரி கெசியாவுடையது. அதில் ஜெபம் இல்லை. 1857-இல் அவளுடைய ஆறு வயது மகள் டெம்பியைத் துரை ஒரு டெக்சாஸ்காரனுக்கு விற்றார். வண்டி பூட்டுவதற்குள் கெசியா பிள்ளையின் வாயைக் கொப்பரை விளிம்பில் வைத்துப் பேசச் சொல்லி, கல்லை உருவிவிட்டாள். என்றைக்காவது டெக்சாஸுக்குப் போய்க் கொப்பரையைத் திறந்தால், குரல் அங்கே இருக்கும் தன் ஆளைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். வளர்ந்த மகளை அடையாளம் காண அவளிடம் வேறு எதுவும் இல்லை.

"அக்கா, அதுக்குள்ள உன் மவ உன்ன விட உசரமா நிப்பா" என்பான் வண்டிக்காரன் ஐசம். "அவ வாயில ஆறு வயசுக் குரல ஒட்டவெச்சா, எலி கத்தற மாதிரி இருக்காதா?"

"கத்தட்டும்டா. எலியா கத்தினாலும் எம் மவதான கத்தறா."

வடக்குக்கும் தெற்குக்கும் மூண்ட போரின் இரண்டாம் வருஷம், தெற்குப் படைக்காரர்கள் பீரங்கி வார்க்க இரும்பு கேட்டார்கள். கங்காணி கொப்பரைகளைக் காட்டி, அவை எதற்கு என்பதையும் சொன்னான். துரை தன் வாழ்நாளில் முதல்தடவையாகச் சிரித்தார்.

"ஏண்டா ஐசம், கழுதைகூட வெட்டவெளியில நின்னுதான் அழும். நீங்க சட்டிக்குள்ள வாயை வெச்சு அழறீங்களா?"

"சட்டிக்குள்ள அழுதோமோ என்னமோ தொரை. உங்களுக்குக் கேக்கல, இல்ல?"

இதற்கு ஐசமுக்கு இருபது அடி. முதுகு ஆறுவதற்குள் அவனே வண்டியும் ஓட்டினான். பெண்கள் பதினொரு கொப்பரைகளுக்கும் அடியில் பலகை செருகி, கவிழ்த்த வாக்கிலேயே ஏற்றிக்கொடுத்தார்கள். வார்ப்படச் சாலையில் அப்படியே உலைக்குள் தள்ளினார்கள். பன்னிரண்டாவது கொப்பரை கோழிக்கூட்டில் வைக்கோலுக்கு அடியில் இருந்தது, மேலே ஒரு அடைக்கோழியோடு.

அந்த இரும்பில் மூன்று பீரங்கிகள் தேறின. துரையின் ஒரே மகன் லூக் அந்தப் பீரங்கிப் படையில்தான் இருந்தான். முதல் சண்டையில் திரி வைத்ததும் குண்டு வரவில்லை. "ஆண்டவரே, எங்களை விடுவியும்" என்று ஐம்பது பேர் குரல் வந்தது. மறுபடி வைத்தார்கள். பாட்டு வந்தது. எதிரே இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றி ஒரு சரணம் முடியும்வரை கேட்டுவிட்டு, பிறகு சுட்டார்கள். லூக் இரண்டாம் சரணத்தில் செத்தான். இரும்பு திருப்தியாக இல்லை, ஆனால் உச்சரிப்பு தெளிவு என்று படைத்தலைவர் துரைக்குக் கடிதம் போட்டார்.

துரை அழவில்லை. ஒரு விம்மல் எவ்வளவு தூரம் போகும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. தொண்டையில் அதை வைத்துக்கொண்டே இரண்டு வருஷம் சாப்பிட்டார். கெசியா கொண்டுபோன கஞ்சி பாதி திரும்பி வரும்.

1864 நவம்பரில் வடக்குப் படை வந்து, எல்லாரும் விடுதலை என்று சொல்லி, பருத்திக் கொட்டகையைக் கொளுத்தி, கோழிகளை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டு போனது. அடைக்கோழியும் போயிற்று. ஐசம் படையோடு கிளம்பினான். "வர்றியா அக்கா?" என்றான். "நீ போ. என் வழி மேற்கால" என்றாள் கெசியா. சோள ரொட்டியைத் தலைத்துணியில் முடிந்து, கொப்பரைக்கு அடியில் செருகப் பலகை தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போது பின்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் டெம்பி. எங்கம்மா கெசியா. அம்மா, அந்த டெக்சாஸ்காரன் கூப்பிடுறான்." அது அவள் காதோரமாகப் போனது. கையை நீட்டினாள். அன்றைக்குக் காற்று கிழக்கே அடித்தது; குரல் கரிந்த வயலைத் தாண்டி, டெக்சாஸுக்கு எதிர்த்திசையில், கடலைப் பார்க்கப் போய்விட்டது.

பலகையோடு அவள் கோழிக்கூட்டுக்குப் போனாள். ஆளும் கோழியும் இல்லாத நிலத்தில் துரைக்கு எல்லாமே கேட்டிருக்கிறது, எரிந்த உத்தரம் நெரிவதுவரை. சத்தமே வராத ஒரே ஓர் இடம், கொப்பரை இருந்த அந்தக் கூடுதான். அதைத் தேடி வந்திருக்கிறார். வைக்கோலில் குப்புறப் படுத்திருந்தார். நிமிர்த்திப் பார்த்த கொப்பரையை மறுபடி சரியாகக் கவிழ்த்து, விளிம்புக்கு அடியில் கூழாங்கல்லும் கொடுத்திருந்தார். அந்த இடுக்கில் வாய் இருந்தது. கெசியாவின் கையிலிருந்து பலகை விழுந்தது. அவர் திரும்பவில்லை. அவர் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை.