பெருஞ்சுறாவின் வாய்க்குள் பிரதம விருந்தினர்

யுத்த காலத்துக் கிண்ணியாவை நினைத்தால் நஜ்முன் நிஸா ரீச்சருக்கு முதலில் ஞாபகம் வருவது வெடிச்சத்தம் அல்ல. ஒரு சுறாவின் வாய்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டிய வாய் அது. கடலுக்குப் போகக் கடற்படை தடை போட்டிருந்தது. மீன்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கடல் என்பது முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம். ஆகவே ரீச்சர் கடலை வகுப்புக்குக் கொண்டுவந்தார். கமுகஞ்சலாகையை வளைத்துச் சிவப்புத் துணி சுற்றினார்கள். நிவாரணப் பெட்டி மட்டையில் பல் வெட்டி வெள்ளை பூசினார்கள். பரிசளிப்பு விழாவில் அசனா அதை விளக்குவதாக ஏற்பாடு. அந்தப் பிள்ளை நித்திரையிலும் சுறாதான் பிதற்றினாள்.

விழாவுக்கு முதல்நாள் அதிபர் ஞானசேகரம் வந்தார்.

"சுறாவை விடுவம் ரீச்சர். கல்விக் கந்தோர்ப் பெரியவர் பேசவேணும், ஊரடங்குக்கு முதல் முடிக்கவும் வேணும்."

"புள்ள அழுவாள் சேர்."

"அவள் அழுதால் கண்ணீர். பெரியவர் அழுதால் எனக்கு இடமாற்றம்."

கட்டிய வாய் மண்டபக் கதவுக்குள் நுழையாததால் வாசலிலேயே நின்றது.

மறுநாள் பிரதம விருந்தினராகப் பெரியவர் இரத்தினசிங்கம் வந்திறங்கினார். பெரியவர் வந்தால் ஊர் வரவேற்பு வளைவு கட்டாமல் விடாது. வளைவுக்குள்ளால் போகாமல் அவரும் விடமாட்டார். சிவப்பையும் வெள்ளையையும் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அடடா, எனக்காக எவ்வளவு மினக்கெட்டிருக்கிறியள்!"

மாலையைச் சரிசெய்துகொண்டு நேரே வாய்க்குள் போய் நின்றார். படக்காரர் கமராவோடு மல்லுக்கட்டினார். "அசையாதேங்கோ சேர்." அது வளைவில்லை என்று தெரிந்தும் அதிபர் கைதட்டினார்.

ரீச்சர் அசனாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இவர் மனிசர் பிறக்க எவ்வளவோ முந்தி கடலை ஆண்டவர்..."

வரவேற்புரை என்று நினைத்துப் பெரியவர் கைகூப்பினார்.

"இவருக்கு முள்ளந்தண்டெல்லாம் குருத்தெலும்பு. அதால செத்தாப் பல்லு மட்டும்தான் மிஞ்சும். ஒரு பல்லு என்ட கையை விடப் பெரிசு. திமிங்கிலத்தையும் கடிப்பார். வாயைத் திறந்தா ஒரு ஆள் நிமிந்து நிக்கலாம், வண்டி வயிறு இருந்தாலும் நிக்கலாம். இந்தா, சேர் நிக்கிறார்!"

பெரியவர் அண்ணாந்து பார்த்தார், பற்கள். பக்கவாட்டில் பார்த்தார், அங்கும் பற்கள். கமரா அந்த நேரம் பார்த்துத்தான் பளிச்சிட்டது.

ஊரே சிரித்தது. அப்படியொரு சிரிப்பை அதற்குப் பிறகு ரீச்சர் எந்த விழாவிலும் கேட்டதில்லை. கடைசியில் பெரியவரும் சிரித்தார். எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அசனாவிடம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, இது இப்பவும் எங்கட கடல்ல இருக்கோ?"

"இல்ல சேர், பயப்பிடாதீங்க, அது எப்பவோ அழிஞ்சிட்டு. இப்ப அங்க நேவி மட்டும்தான் இரிக்கி."