நாற்பது கூட

"பொய் சொல்லாதீங்க அண்ணன். இன்னும் ரெண்டு கடலட்டை கிடைக்கும் எண்டு கீழயே கிடந்திருப்பீங்க."

என் மனைவி றொசானி இதைச் சொல்லாத நாளில்லை. அவளுடைய அண்ணன் நோபேட் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து புளியந்தீவு வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். இடுப்புக்குக் கீழே இன்னும் சரியான உணர்வில்லை.

"மூண்டு சிலிண்டர்தான் புள்ள. எப்பவும் போல."

"மூண்டு சிலிண்டருக்கு இத்தனை வருஷம் வராதது இப்ப எப்பிடி வந்தது? கடல்ல பேய் பிடிச்சதோ?"

"பிடிச்ச பேய் உன்ர வாயைக் கேட்டா விட்டிட்டு ஓடியிருக்குமே."

அவள் சிரிக்கவில்லை. நான் கதவோரக் கதிரையில் இருந்தேன்.

நோபேட் மச்சான் கடலடியில் கடலட்டை பிடிக்கச் சுழியோடுபவர். அவருக்குக் காற்று நிரப்பிக் கொடுப்பவன் நான். அவரிடம் நீருக்குள் கட்டும் மணிக்கூடு இல்லை. காற்றைக் காட்டும் மீற்றர் பழுதாகி இரண்டு வருடம். இழுக்கும் மூச்சு கடினமானால் மேலே வருவார். மூன்றாவது சிலிண்டர் முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. ஒவ்வொன்றிலும் இருநூறு பார் அழுத்தம் என்று நிரப்பினால், உடம்பு தாங்கும் நேரம் அவ்வளவுதான். அதற்குமேல் ஆழத்தில் கிடந்தால் கால் செயலிழந்துவிடும். சிலிண்டர்தான் அவருடைய மணிக்கூடு.

அன்று நான் இருநூற்று நாற்பது நிரப்பினேன்.

அவர் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்பார்கள், நான் மறுப்பேன். சிலிண்டரின் கழுத்தில் 200 என்று பொறித்திருப்பதை விரலால் தொட்டுக் காட்டுவேன். ஆனால் மெதடிஸ்த பெடியனுக்குப் பெண் தரமாட்டேன் என்று கத்தோலிக்கரான மாமா நின்றபோது, "அலனுக்குக் குடுக்காட்டி நானும் கலியாணம் கட்டமாட்டன்" என்று எனக்காக நின்றவர் இவர். பதிலுக்கு எதைக் கொடுத்தாலும் வாங்கமாட்டார். அதனால் சொல்லாமல் கொடுத்தேன். தண்ணீர் நிரப்பிய இரும்புப் பரலுக்குள் சிலிண்டரை இறக்கி, மீற்றர் முள் சிவப்பைத் தாண்டும்போது ஒதுங்கி நின்று, இரும்பு தாங்குமா என்று மட்டும் பயந்தேன். தாங்கியது. சந்தோசமாக வால்வைப் பூட்டினேன்.

"வள்ளக்கார அழகரத்தினம் அண்ணனும் உங்களை இனி வள்ளத்தில ஏத்தமாட்டாராம்," என்றாள் றொசானி. "சிலிண்டர்க் கணக்கை மறைக்கிற ஆளோட கடலுக்குப் போக ஏலாதாம்."

நோபேட் மெதுவாக, "எனக்குத்தான் எண்ணிக்கை தவறிற்றோ தெரியா புள்ள. நாலாவதையும் எடுத்தனோ என்னவோ. வயசும் போகுதுதானே" என்றார்.

தன் தலையையே சந்தேகப்படத் தொடங்கியிருந்தார். என்னால் அதற்குமேல் இருக்க முடியவில்லை.

"நாலில்ல. மூண்டுதான்," என்றேன். "நான்தான் ஒவ்வொண்டிலயும் நாற்பது கூட அடிச்சனான்."

றொசானி திரும்பினாள். "ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கல்ல."

"அப்ப ஏன்?"

வாயைத் திறந்தேன். அன்பு என்ற சொல்லை அந்தக் கால்களுக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.

"அதானே பாத்தன்," என்றார் நோபேட். அவர் குரலில் கோபமில்லை. "மூண்டாவது லேசில முடியவே இல்ல. இண்டைக்கு நான் நல்லா மூச்சு விடுறன் எண்டு சந்தோசப்பட்டனான் மச்சான்."

பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

றொசானி கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்தாள். ஒன்பது நாளாகத் தான் ஏசிய அண்ணனின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துப் பெருவிரலை அழுத்தினாள்.

"தெரியுதா அண்ணன்?"

"இல்ல புள்ள."

குதிக்காலை அழுத்தினாள். "இப்ப?"

"இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். "வாங்க. நீங்களும் வந்து பிடிச்சுப் பாருங்க."

போய்க் கட்டிலருகே முழந்தாளிட்டேன். கையை நீட்டினேன், பாதத்தில் வைக்கத் துணிவு வரவில்லை. "தெரியுதா மச்சான்?" என்று மட்டும் கேட்டுவிட்டேன்.

"ஓம் மச்சான்," என்றார் சுவரைப் பார்த்தபடியே. "உங்கட கை தெரியுது."

நான் இன்னும் தொடவில்லை.