குறைப்பிரதி

குண்டசாலையில் இருபது வருடம் வைத்தியம் பார்த்த யூத டொக்டர் லெவின் 1961இல் காலமானார். அவருடைய மனைவி, புத்தகங்களை ஐந்து பெட்டிகளில் கட்டிக் கண்டி டவுனில் இருந்த ஒரு சங்கத்தின் வாசிகசாலைக்குக் கொடுத்துவிட்டார். அவற்றைப் பதிவு செய்தவர் நூலகர் இராஜரத்தினம். யாழ்ப்பாணத்து அங்கிலிக்கன் கிறிஸ்தவர், மாதத்தில் ஒரு ஞாயிறு தேவாலயத்தில் பிரசங்கமும் செய்வார்.

மூன்றாவது பெட்டியில் ஆங்கில வேதாகமம் ஒன்று கிடந்தது. புரட்டிப் பார்த்தார். புதிய ஏற்பாடு இல்லை. கடைசியில் வரவேண்டிய மல்கியா நடுவில் கிடந்தது. முன்னால் இருக்க வேண்டிய நாளாகமம் கடைசிக்குப் போயிருந்தது. புத்தகத்தைத் தைத்துக் கட்டியவன் குளறுபடி பண்ணிவிட்டான் என்று முடிவு செய்து, முதல் பக்கத்தில் ‘குறைப்பிரதி’ என்று சிவப்பு முத்திரை குத்திக் கழிவுத் தட்டில் வைத்தார்.

இரண்டு கிழமை கழித்துத் திருமதி லெவின் வந்தார். அந்தப் புத்தகத்தைத்தான் வாசிக்கக் கேட்டார். முத்திரையைக் கண்டதும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

“இதில் எந்தப் பக்கம் குறைகிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இராஜரத்தினம் விளக்கினார். குரலில் பிரசங்க வாடை இருந்ததை அவரே உணர்ந்தார்.

“இது எங்களுடைய வேதம். நாங்களே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. இதற்குப் பிறகு எங்களுக்கு வேறொன்றும் இல்லை” என்றார் அந்த அம்மாள். “முதலில் சட்டம், பிறகு தீர்க்கதரிசிகள், பிறகு மற்ற எழுத்துகள். இருபத்துநான்கு புத்தகம். எண்ணிப் பாருங்கள்.”

“எங்கள் பழைய ஏற்பாட்டில் முப்பத்தொன்பது” என்றார் இராஜரத்தினம்.

“சின்னத் தீர்க்கதரிசிகள் பன்னிரண்டு பேரையும் நாங்கள் ஒன்றாக எண்ணுவோம். சாமுவேல் ஒன்று, இராஜாக்கள் ஒன்று.”

அவர் போனபின் இராஜரத்தினம் தன் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நாளாகமமும் ஒன்று, எஸ்றாவும் நெகேமியாவும் சேர்ந்து ஒன்று. கணக்குச் சரியாக வந்தது. ஓர் அதிகாரம்கூடக் குறையவில்லை. வரிசைதான் வேறு. அவருடைய புத்தகத்தில் மல்கியா கடைசியில் நின்று, எலியா வருவான் என்று சொல்லி வாசலைத் திறந்து வைக்கிறார். பக்கத்தைத் திருப்பினால் மத்தேயு; இயேசு பிறக்கிறார். லெவினின் புத்தகமோ, சிறைப்பட்ட மக்கள் எருசலேமுக்குப் போகலாம் என்று பாரசீக அரசன் கோரேஸ் சொல்வதோடு முடிந்தது. இருபது வருடமாக மல்கியாவின் அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் அவர் பிரசங்கித்து வந்தார். அதில் பாதி, புத்தகத்தை அடுக்கியவர்களின் வேலை என்று அன்றுதான் தெரிந்தது. அவருக்கு அது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

“றீற்றா, நான் ஒரு பிழை விட்டிட்டன்” என்றார் தட்டெழுத்துக்காரியிடம்.

றீற்றா வத்தேகமப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். “எங்க பைபிள்ல தோபியாசு, யூதித்துன்னு உங்களோடத விட ஏழு புத்தகம் கூட இருக்கு சேர். அப்ப உங்களோடதுக்கும் முத்திரை குத்தணுமே.”

“ஓம், குத்தத்தான் வேணும்” என்றார் அவர் சிரிக்காமல்.

முத்திரை அழியவில்லை. அதன்மேல் கோடு கிழித்து, ‘தவறு. இந்நூல் முழுமையானது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். திருமதி லெவின் அடுத்த முறை வந்தபோது அதைக் காட்டினார். அந்த அம்மாள் இரண்டு தடவை வாசித்தார்.

“பட்டியல் அட்டையில் பழைய ஏற்பாடு என்று எழுதாதீர்கள். எங்களுக்கு அது பழையது அல்ல.”

‘யூத வேதம்’ என்று புது அட்டை அடிக்கச் சொன்னார் இராஜரத்தினம்.

அந்த மாதப் பிரசங்கத்தில் இதையெல்லாம் அப்படியே சொன்னார். இரண்டு வரிசைகளையும் வாசித்துக் காட்டினார். சபையார் அசையாமல் கேட்டார்கள். வாசலில் நின்று கைகொடுத்தவர்கள் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

அடுத்த மாதப் பிரசங்கப் பட்டியலில் அவருடைய முறைக்கு வேறொருவர் பெயர் இருந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகுதான் திரும்பவும் கூப்பிட்டார்கள். மல்கியா வேண்டாம், வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து பேசச் சொன்னார்கள். ஒத்துக்கொண்டார்.