இரண்டாவது கியரில் விழும் குத்து

கார் மறுபடியும் குத்தியது. தானாகவே கியர் மாறும் பழைய கார் அது. முதல் கியரிலேயே அலறிக்கொண்டு போய், இனி மாறவே மாறாது என்று நினைத்த நேரத்தில், பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்ததுபோல் இரண்டாவதுக்குத் தாவியது. ஓட்டிய வெர்னாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி ட்வைட்டின் காபி பாதி அவன் சட்டையில் இறங்கியது.

"பேசாம ட்ரெய்லர்ல ஏத்திடலாம்," என்றான், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

"அதுக்கு நான் வீட்டுலயே கிடப்பேன்," என்றாள் வெர்னா.

மறுநாள் காலை பக்கத்து ஊர் மைதானத்தில் பழைய கார்களின் கண்காட்சி. தானே ஓடிவராமல் ட்ரெய்லரில் வந்து இறங்கும் காரை அங்கே யாரும் திட்டமாட்டார்கள். 'ட்ரெய்லர் மகாராணி வர்றாங்க, வழி விடுங்க' என்று வரிசையாக நின்று குனிந்து வணங்குவார்கள். போன வருஷம் ஒரு பல் டாக்டரை அப்படி வணங்கியவர்களில் வெர்னாவும் ஒருத்தி. நன்றாகவே குனிந்திருந்தாள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அது குத்திக்கொண்டு வந்த சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆஸி சோளக்கதிரைக் கடித்தபடி வந்தான். முப்பது வருஷம் கியர்பெட்டி ரிப்பேர் கடை வைத்திருந்தவன்.

"கியர்பெட்டி எண்ணெய் பார்த்தியா?"

"என்ஜின் ஓட ஓட, சூட்டோடதான் பார்த்தேன். அளவு சரியா இருக்கு. நல்ல சிவப்பு. தீய்ஞ்ச வாடையும் இல்ல."

"கடைசியா என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. சுத்தம்தான் பண்ணேன்."

"என் கடைக்கு வந்த அத்தனை பேரும் அதையேதான் சொன்னாங்க, தாயே."

"பெட்டியை இறக்கித்தான் ஆகணும்," என்றான் ட்வைட். ட்ரெய்லர் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எதையாவது அதில் ஏற்றாமல் அவனுக்குக் கை அரித்தது.

"நீ சும்மா இருடா. முதல் பத்து நிமிஷம் பூனை மாதிரி போகுது, சூடானாத்தான் குத்துது. உள்ளே எதாவது உடைஞ்சிருந்தா பத்து நிமிஷம் பொறுத்துக்கிற மரியாதை அதுக்குத் தெரியுமா?"

என்ஜினிலிருந்து கியர்பெட்டிக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. என்ஜின் அதன் வழியே காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலின் பலத்தை வைத்துத்தான், வண்டி சும்மா போகிறதா மேட்டில் திணறுகிறதா என்று பெட்டி தெரிந்துகொள்ளும். கார் ஆறும்வரை காத்திருந்து, குழாயின் கீழ்முனையைக் கழற்றி ஆஸி ஒரு அளவுமானியை மாட்டினான். வெர்னா என்ஜினைக் கிளப்பினாள். முள் பதினெட்டில் நின்றது. பத்து நிமிஷம் கழித்து மெல்லச் சரிந்து ஐந்துக்கு வந்தது.

"எங்கேயோ காற்று உள்ளே போகுது. உறிஞ்சல் குறையவும், மேடு ஏறுறதா நினைச்சு பெட்டி தாமதமா, முரட்டுத்தனமா மாறுது," என்றான் ஆஸி.

வெர்னா என்ஜின்மேல் குனிந்து காதை வைத்தாள். பின்பக்கத்திலிருந்து பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம். கைவிட்டுத் தடவியதும் அவள் முகம் மாறிவிட்டது. அந்த மெல்லிய குழாயின் மேல்முனையை என்ஜினோடு இணைக்க அங்கே முன்பு இருந்தது தடித்த கறுப்பு ரப்பர்க் குழாய். இரண்டு முனையிலும் துருப்பிடித்த கவ்விகள். கண்காட்சியில் என்ஜின் அழகுக்கான பரிசை வாங்கிவிட வேண்டும் என்று பனிக்காலத்தில் அவள்தான் அதைக் கழற்றி எறிந்தாள். காரின் நிறத்துக்கு இசைவாக ஒரு நீலக் குழாயைச் செருகினாள். கவ்வி கண்ணை உறுத்தும் என்று போடவே இல்லை. நீலக் குழாய் சூட்டில் இளகி வாய் பிளந்திருந்தது.

"யார் வேலை இது?" என்று கேட்டான் ட்வைட், தெரிந்துகொண்டே.

"சிரிச்சின்னா இன்னிக்கு ராத்திரி உனக்குச் சோறு கிடையாது."

ஆஸி தன் வீட்டிலிருந்து வேறொரு கறுப்புக் குழாயும் இரண்டு கவ்விகளும் கொண்டுவந்தான். வானநீல என்ஜினுக்குக் குறுக்கே அது செத்த எலியின் வால்போல் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கையாலேயே முறுக்கினாள்.

மறுநாள் மைதானத்துக்கு முப்பது மைல். பத்து மைல் தாண்டியது. இரண்டாவது கியர் எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. மேட்டில் கொஞ்சம் பொறுத்து மாறியது, இறக்கத்தில் முன்கூட்டியே மாறியது.

மைதானத்து வாசலில் கொடியோடு நின்றவன் உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினான். வெர்னாவும் பதிலுக்குக் கை காட்டிவிட்டு நேரே போனாள்.

"எங்கே போற? என்ஜின் அழகைப் பார்க்கிறவங்க பத்து மணிக்கு முடிச்சிடுவாங்க," என்றான் ட்வைட்.

"முடிக்கட்டும். இன்னொரு தடவை கியர் மாறட்டும், பார்ப்போம்."

அந்த ஊரை மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள். குனிந்து வணங்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.