நான்கு முளைகள்

அன்று காலை சுகன்யா என் விரலைக் கடித்தாள்.

அவளுடைய உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து கிடந்ததால், நான்தான் பழைய சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சின்ன வெங்காயம் ஆகாது. கடைசி உருண்டைக்குள் ஒன்றை மறைத்து வைத்தேன். நாக்கில் பட்டதும் உருண்டையைத் துப்பிவிட்டு விரலைக் கவ்விக்கொண்டாள்.

“ஏய், நாயி! வுடுடி.”

“இனிமே வெப்பியா?”

“வெக்க மாட்டேன்டி, வுடு.”

“இதுல அண்ணனாம் அண்ணன்,” என்றாள், விரலை விட்டுவிட்டு.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்து, “போற எடத்துல யாரு வந்து உனக்கு ஊட்டப் போறா?” என்று சிரித்தாள். 2004, மே மாதம், ஒரு வியாழக்கிழமை. சுகன்யாவுக்குப் பதினொன்று. எனக்குப் பதினைந்து.

அம்மா சொன்ன ‘போற எடம்’ விளையாட்டு விடுதி. மறுநாள் பெரம்பலூரில் அதற்குத் தேர்வு. உயரமான பாரில், அதாவது தொங்கிச் சுற்றுகிற இரும்புக் குழாயில், யார் உதவியும் இல்லாமல் மூன்று முழுச்சுற்றுப் போட்டுவிட்டால் எடுத்துக்கொள்வார்கள் என்று கிருஷ்ணமூர்த்தி சார் சொல்லியிருந்தார். எடுத்துக்கொண்டால் பன்னிரண்டாவது வரை சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே. எடுக்காவிட்டால் ஆறாவதோடு நிறுத்திவிடுவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். எங்கள் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே கரிசல் காட்டில் இருக்கிறது. பருத்தி எடுக்க ஆள் கிடைக்காத வருடம் அது. சுகன்யாவுக்கு இது தெரியும். “பருத்திக் காட்டுக்குப் போறதுக்கு பார்லயே தொங்கிச் சாவலாம்,” என்று அவளே ஒருநாள் சொன்னாள். அப்போது நான் சிரித்தேன்.

கிருஷ்ணமூர்த்தி சார் எங்கள் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி ஆசிரியர். புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் ஊர்க்காரர். இளவயதில் அவரே பாரில் ஆடியவர். பள்ளிக்கூடத்தில் அதற்கான சாமான் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அவரேதான் உண்டாக்கினார். ஒன்றரை அங்குலத் தண்ணீர்க் குழாய்தான் பார். அதன் இரு முனையிலும் இரும்புக் கால்களைப் பற்றவைத்தார். கால்களை மண்ணில் நட்டால் கோடையில் வெடிப்பு விட்டுச் சாய்ந்துவிடும் என்று ஊரார் சொன்னதால், பலகை மேல் நிறுத்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்து, நாலு முளையில் கட்டினார். அந்த முளைகளை அப்பாதான் கருவேல மரத்தில் சீவிக் கொடுத்தார். எங்கள் வீட்டு மாடு கட்டும் முளையும் அதே அளவுதான்.

பாரின் மேல் ஆழ்குழாய்க் கிணற்று பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழம் வெட்டி மாட்டியிருந்தார். பார் அசையாமல் நிற்க, அந்தத் துண்டு மட்டும் சுழலும். கற்றுக்கொள்ளும் பிள்ளையின் கையில் விரல் வெட்டிய காலுறையைப் போட்டு, கட்டில் பின்னுகிற நாடாவால் மணிக்கட்டை அந்தத் துண்டோடு கட்டிவிட வேண்டும். கை நழுவினாலும் பிள்ளை தெறித்துப் போகாது. எதிரே ஒரு எண்ணெய்த் தகரம் தொங்கும். கீழே வந்து மேலே வீசும்போது கால் விரல் அதைத் தட்ட வேண்டும். சத்தம் கேட்டால் நேரம் சரி, கேட்காவிட்டால் அந்தச் சுற்று மேலே ஏறாது. முழங்கால் மடங்காமலிருக்க இரண்டு முட்டிக்கும் நடுவே ஒரு சாக்பீஸ். அது விழுந்தால் பிரம்பு.

பிரம்பு என் கையில் இருந்தது.

அண்ணன் கூட இருந்தால்தான் அனுப்புவேன் என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் நாடா கட்டுவது, தூக்கி விடுவது, தாங்கிப் பிடிப்பது எல்லாம் நான்தான். சார் அவளைத் தொட்டதே கிடையாது. முதல் முறை சாக்பீஸ் விழுந்தபோது பிரம்பை என்னிடம் நீட்டினார்.

“பொம்பளப் புள்ள மேல நான் கை வெக்கக் கூடாது. உன் தங்கச்சி. நீ அடி.”

நான் கெண்டைக்காலில் மெதுவாகத் தட்டினேன். சார் பிரம்பை வாங்கி என் தொடையில் ஒரு அடி வைத்தார். இரண்டு நாள் என்னால் சம்மணம் போட முடியவில்லை.

“இவ்ளோ வேகம். தெரிஞ்சுதா? இதுக்குக் கொறைஞ்சா உனக்கு ரெண்டு.”

அதன் பிறகு அந்த வேகம் எனக்குப் பழகிவிட்டது. தொங்கிக்கொண்டிருப்பவளை அடிப்பது எளிது. அவளால் ஓட முடியாது, கையால் தடுக்க முடியாது. நூறு எண்ணும்வரை தொங்கும்போது உள்ளங்கை கிழிந்து ரத்தம் முழங்கைவரை வழியும். இறக்கியதும் உப்புத் தண்ணீரில் கையை முக்கச் சொல்வார். அவள் கத்துவது பள்ளிக்கூடத்துச் சுவரில் மோதித் திரும்பி வரும். ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில் தன் காலில் இருந்த தடிப்புகளை எண்ணினாள்.

“பதினேழு. சார்கூட இப்புடி அடிக்க மாட்டாருடா.”

“நான் அடிக்கலன்னா அவரு என்னய அடிப்பாருடி.”

“அடி வாங்கேன். என்ன இப்ப?”

ஆனால் மறுநாள் எனக்கு முன்னால் கிளம்பி நின்றதும் அவள்தான். மார்ச் மாதத்தில் முதல் முழுச்சுற்றுப் போட்டாள். ஏப்ரலில் கட்டோடு இருபது. மே முதல் வாரம் நாடா இல்லாமல் இரண்டு. மூன்றாவதில் கை விட்டுப்போய், கீழே அடுக்கியிருந்த வைக்கோல் மூட்டைகளில் பூனை போல வந்து விழுந்து, எழுந்து நின்று எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள். விழத் தெரிந்தவள் அவள். இதைச் சொல்லியாக வேண்டும்.

தேர்வுக்கு முந்திய திங்களும் செவ்வாயும் கோடை மழை கொட்டியது. புதனன்று வெயில் காய்ந்தது. வியாழக்கிழமை நாங்கள் போனபோது தரை மேலே வெளுத்து, ஓடு போலக் காய்ந்திருந்தது. முதலில் கட்டோடு பத்துச் சுற்று, பிறகு கட்டில்லாமல் மூன்று என்று சார் திட்டம் வைத்திருந்தார்.

“சுரேசு, மொளையப் பாத்துரு. மழை பேஞ்சிருக்கு. இந்த மண்ணு உங்களுக்குத்தான தெரியும்.”

நான் நான்கையும் பார்த்தேன். வீட்டில் மாடு கட்டுமுன் எப்படிப் பார்ப்போமோ அப்படி. குதிகாலால் பக்கவாட்டில் ஓங்கி ஒரு உதை. நாலும் கல்லாக நின்றன.

“கெட்டியா இருக்கு சார்.”

சுகன்யாவின் கையில் நாடாவைக் கட்டினேன். புண் பட்டு அவள் முகம் சுளித்தாள்.

“லூசாக் கட்டுடா.”

“லூசாக் கட்டினா அடி வுழும்.”

“நாளைக்கு மட்டும் நான் தேறட்டும். லீவுல வந்து அந்தப் பெரம்ப எடுத்து உன்ன வெளுக்கறேன் பாரு.”

“மொதல்ல தேறு.”

இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். அவள் ஆடத் தொடங்கினாள். முதல் சுற்றில் தகரம் அடித்தது. இரண்டு, மூன்று, நான்கு. சார் எண்ணிக்கொண்டே வந்தார். சாக்பீஸ் விழவில்லை. ஐந்தாவதில் அவள் உடம்பு ஒரே கோடாகப் பாரின் மேல் நின்று இறங்கியதைப் பார்த்து, நான் பிரம்பைக் கீழே போட்டுவிட்டேன். ஆறாவதுக்குக் கீழே வந்து தகரத்தைத் தட்டி மேலே வீசியபோது என் காலருகே சேற்றிலிருந்து எதையோ பிடுங்கிய சத்தம் கேட்டது. பின்பக்கத்து இடது முளை மண்ணைவிட்டு வெளியே வந்து, கம்பியோடு துள்ளி என் முட்டியில் அடித்தது.

இரும்புக் கால்கள் முன்பக்கம் சாய்ந்தன. அவள் அப்போது தலைகீழாகப் பாரின் மேலே இருந்தாள். கை விட்டிருந்தால் சுருண்டு மூட்டையில் விழுந்திருப்பாள். கை கட்டியிருந்தது. மூட்டைகளைத் தாண்டி, காய்ந்த தரையில் தலை குத்தி விழுந்தாள். பச்சை மட்டையை முறித்தது போல ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் பார் அவள் மேல் விழுந்தது.

என் முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்தும் அவிழவில்லை. புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் அரிவாள் வாங்கி வந்து சார்தான் அறுத்தார். அவசரத்தில் அவர் விரலும் வெட்டுப்பட்டு, எல்லோர் மேலும் ரத்தம். விலக்கிப் போட்ட பாருக்குப் பக்கத்தில் அந்த முளை கிடந்தது. மேலே நாலு விரற்கடை அளவுக்கு வெள்ளைப் புழுதி. அதற்குக் கீழே முழுவதும் ஈரமான கறுப்புச் சேறு. மாடு முளையைப் பக்கவாட்டில்தான் இழுக்கும். பார் மேல்நோக்கி இழுக்கும். நான் உதைத்தது காய்ந்த நாலு விரற்கடையை.

அரியலூர் போகிற சுண்ணாம்புக்கல் லாரியை நிறுத்தி ஏற்றினோம். அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கண் திறந்திருந்தது.

“அண்ணே, என் காலு எங்க?”

“இங்கதான்டி இருக்கு.”

“தகரத்துல பட்டுச்சா?”

“பட்டுச்சு.”

ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் அவள் போனாள்.

மறுநாள், தேர்வு நடக்க வேண்டிய வெள்ளிக்கிழமை, கிருஷ்ணமூர்த்தி சார் மாலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வர வேண்டாமென்று ஊரில் யாரோ அவரைத் தடுத்தார்களாம். கேட்காமல் வந்தார். வாசலில் அம்மாவின் தம்பி சின்னதுரை மாமா நின்றிருந்தார்.

“மாலையா கொண்டாந்திருக்க? புள்ளைய மாடு மாதிரி கட்டிப் போட்டுக் கொன்னுட்டு மாலையா?”

மாமா அந்த மாலையாலேயே முகத்தில் அடித்தார். பிறகு ஆறேழு பேர் சேர்ந்துகொண்டார்கள். பாடை கட்ட வைத்திருந்த மூங்கிலை ஒருவர் எடுத்தார். சார் தரையில் கிடந்தபோது, தூக்கிய இடது கையின் மேல் அது இறங்கியது. கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் மடங்கித் தொங்கியது. அவர் ஓட முயலவில்லை. உள்ளே பெண்கள் மாரடித்து அழுகிற சத்தமும் வாசலில் அடிக்கிற சத்தமும் கலந்து கேட்டன. அப்பா மட்டும் இரண்டுக்கும் எழுந்திருக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“மொள புடுங்கிக்கிச்சுய்யா,” என்றார் சார். “மழைக்கு…”

“மொளைய எவன்டா பாத்தான்?”

சார் என்னைப் பார்த்தார். ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது.

“தம்பிதான் பாத்துச்சு. கெட்டியா இருக்குன்னு சொல்லுச்சு.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. மாமா அவர் விலாவில் உதைத்தார்.

“கூடப் பொறந்தவளப் பறிகுடுத்துட்டு நிக்கிறான், அவன் மேலயே பழி போடறியா நீ?”

பள்ளிக்கூடத்து மைதானத்திலிருந்து அந்தப் பிரம்பை யாரோ எடுத்து வந்திருந்தார்கள். மாமா அதை என் கையில் திணித்தார்.

“இந்தாடா சுரேசு. உன் தங்கச்சி. நீ அடி.”

அந்த வேகம் எனக்குத் தெரியும். சார் கற்றுக்கொடுத்ததுதான். நான் அவர் வாயில் அடித்தேன். கோபத்தில் அடித்தேன் என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் இன்னொரு தரம் அதைச் சொல்லிவிடக் கூடாது என்று அடித்தேன். மூன்று அடி. இரண்டு பல் வாசல் மண்ணில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை.

போலீஸ் விசாரித்தபோதும் அவர் சொல்லவில்லை. தன் கையும் பல்லும் உடைந்தது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் என்று எழுதிக் கொடுத்தாராம். முளையைச் சரிபார்க்காதது தன் தவறு என்று ஒப்புக்கொண்டதில் வேலை போயிற்று. கருமாதி முடிந்த அன்று அப்பா என்னிடம் ஒரே ஒருமுறை கேட்டார்.

“மொளையப் பாத்தியாடா?”

“ஒதச்சுப் பாத்தம்ப்பா.”

“கெட்டியா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அவராக இருந்தாலும் உதைத்துத்தான் பார்த்திருப்பார்.

2007-இல் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது. அந்த ஆண்டுக் கடைசியில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சாரைப் பார்த்தேன். இடது கை கோணலாக உடம்போடு ஒட்டியிருந்தது. வலது கையில் பை. டீக்கடைக்காரரிடம் ஏதோ கேட்டார். முன்பல் இல்லாத வாயிலிருந்து வந்த சொல் கடைக்காரருக்குப் புரியவில்லை. திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் நின்றிருந்தது பத்தடி தூரத்தில். துறையூர் பஸ்ஸுக்குப் பின்னால் போய், அவர் திருச்சி பஸ்ஸில் ஏறும்வரை நின்றேன். பஸ் கிளம்பியபோது ஜன்னல் வழியாக அவர் என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

அம்மா இன்னும் பழைய சோற்றுக்கு வெங்காயம் உரித்து வைக்கிறாள். நான் தொடுவதில்லை.

பாரைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. தகரம் துருப்பிடித்து உதிர்ந்தது. மற்ற மூன்று முளைகளை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. அவற்றில் ஒன்றில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது மூன்றையும் உதைத்துப் பார்த்தேன். கெட்டியாக இருக்கின்றன.