மணல் நிரப்பிய பிஸ்கட் டின்

வேலைக்கு லீவான அன்று படுக்கை விரிப்பை மாற்றும்போதுதான் தினேஸ்வரி அதைப் பார்த்தாள். தலைமாட்டில், மகள் தலை வைத்துத் தூங்கும் பக்கத்தில், பவர் பேங்க் பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. முந்தின நாள்வரை பலகைபோலத் தட்டையாக இருந்த சாமான். இப்போது அதன் மூடி ஓரத்தில் பிளந்துகொண்டு, உள்ளேயிருந்து வெள்ளி நிறத்தில் ஒரு பை பிதுங்கியது.

கையிலிருந்த விரிப்பை அப்படியே கீழே போட்டாள்.  நாலு வயது கவிஷா இந்நேரம் தாஸ்கா குழந்தைகள் காப்பகத்தில் மற்ற பிள்ளைகளோடு காலைப் பசியாறிக்கொண்டிருப்பாள். ஆனால் விடிய விடிய அவள் தலை இதற்குப் பக்கத்தில்தானே இருந்தது!

இதை வாங்க வைத்ததே வேறொரு தொல்லை. அவள் போனில் சார்ஜர் சொருகும் இடம் லூசாகிவிட்டது. வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். கையை எடுத்தால் நின்றுவிடும். ரப்பர் பேண்ட் போட்டுப் பார்த்தாள். புது வயர் வாங்கினாள், அது முழமும் இல்லாத குட்டை. இன்னொன்று வாங்கினாள், அது சார்ஜர் தலைக்குப் பொருந்தவில்லை. சார்ஜர் தலையை மாற்றினாள், அது கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. ஒவ்வொரு தடவையும் ஈப்போவில் ஒரு ஷாப்பிங் மாலின் மாடியிலிருக்கும் போன் கடைக்கு ஏறி இறங்கி அலுத்துப்போன நேரத்தில்தான், கடையில் நிற்கும் ராஜு இதை எடுத்து நீட்டினான். "இத எடுத்துக்குங்கக்கா. அப்புறம் தொல்லையே இருக்காது."

கணவன் யுகேந்திரன் ஐஸ்பெட்டி லோரியோடு ஹுத்தான் மெலிந்தாங் மீன்பிடித் துறைக்குப் போயிருந்தான். போன் போட்டாள்.

"என்னங்க, பவர் பேங்க் உப்பிப் போய் கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"சம்பால, குப்பையோட குப்பையா தூக்கிப் போடுலா. இதுக்குப் போய் பயப்படுறே?"

"நம்ம தாமான் குடியிருப்புல சம்பா லோரி எரிஞ்சது மறந்துட்டீங்களா? பின்னால நின்னுட்டு வந்தவருக்குக் கை வெந்து போச்சே. உள்ள ஏதோ பேட்டரி இருந்துச்சுன்னுதான சொன்னாங்க."

 அவனுக்குப் பின்னால் மீன் கூடை இறக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப வாங்குன கடையிலயே கொண்டு போய்க் குடுத்திரு. வித்தவன் தலையெழுத்து, அவன் பாத்துக்கட்டும்."

அடுப்பங்கரை இடுக்கியால் அதைத் தூக்கினாள். தூக்கியவளுக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சமையலறையில் கேஸ் தோம்பு இருந்தது. குளியலறையில் ஈரம். வாசல் போர்ச்சில், அவர்கள் ஊரான செமோரின் வெயில் நேராக இறங்கியது. வீட்டில் எங்கே பார்த்தாலும் எரியக்கூடியது ஏதாவது ஒன்று கண்ணில் பட்டது. இவ்வளவு நாளும் ஒன்றும் பட்டதில்லை. பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறது என்று கொட்டி வைத்திருந்த மணல் கடைசியில் கண்ணில் பட, ஒரு பிஸ்கட் டின்னில் பாதிக்கு மணல் அள்ளி, சாமானை நடுவில் வைத்து, மேலேயும் மணல் போட்டு மூடினாள். மூடியை அழுத்தவில்லை. சும்மா மேலே வைத்தாள். காரின் முன் சீட்டுக்குக் கீழே டின்னை நிறுத்தி, ஈப்போ போய்ச் சேரும்வரை வேகத்தடை ஒவ்வொன்றையும் நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றி வந்தவள்போல ஊர்ந்து கடந்தாள்.

ராஜு டின்னைத் திறந்து பார்த்துச் சிரித்தான். "என்னக்கா, வெதை போட்டுக் கொண்டாந்திருக்கீங்க?"

"தம்பி, வெளையாடாதீங்க. வாங்கி வச்சுக்குங்க. எனக்குக் காசும் வேணாம், வேற சாமானும் வேணாம்."

"ரெசிட்டு இருக்கா?"

கொடுத்தாள். வெள்ளைத் தாள். ஓர் எழுத்து இல்லை.

"ஒண்ணுமே இல்லையேக்கா இதுல."

"நீங்க குடுத்ததுதான தம்பி!"

"சூடு பட்டா அழிஞ்சிரும்க்கா. எப்படியும் வாரண்டி ஒரு வாரந்தான். இது நாங்க வித்ததான்னே தெரியலயே. உள்ள நம்பர் பாத்துச் சொல்றேன்."

அவள் வேண்டாம் என்பதற்குள் அவன் அதை மணலிலிருந்து உருவி, கண்ணாடி மேசைமேல் வைத்து, சின்னத் திருப்புளியை மூடியின் பிளவுக்குள் விட்டு நெம்பினான். வெள்ளிப்பை கட்டை விரலுக்கு அடியில் அமுங்கி எழுந்தது. தினேஸ்வரி மின்படி வரைக்கும் பின்னால் போய்விட்டாள். "தம்பி, விட்ருப்பா! கையெடுப்பா!" அவள் கத்தியதில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ராஜுவின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. விரலை ஊதிக்கொண்டான். "கொஞ்சம் சூடாத்தான் இருக்கு," என்றபடி சாமானை மணல்மேல் போட்டு, டின்னை அவள் பக்கம் தள்ளினான். "இங்க வைக்க முடியாதுக்கா. பாஸ் பாத்தா வேலை போயிரும். எடுத்துட்டுப் போங்க."

"எங்கப்பா எடுத்துட்டுப் போறது?"

 அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. தாஸ்கா ஆசிரியை சாந்தினி. "கவிஷாவுக்குக் காய்ச்சல் அனலா அடிக்குதுங்க. சாப்புட்டதையும் வாந்தி எடுத்துட்டா. ஒடனே வாங்க."

அவ்வளவுதான். டின்னை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தாஸ்கா ஜெலாப்பாங்கில், அவள் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலைக்குப் பின் தெருவில் இருந்தது. காரை நிறுத்தியதும் டின்னை வாசல் கால்வாய் ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சறுக்குமரத்தில் வரிசை கட்டி நின்றார்கள். பந்து ஒன்று வேலி தாண்டி உருண்டு வந்து அவள் கால்களுக்கிடையே நின்றது. அதை எடுத்து உள்ளே வீசிவிட்டு, டின்னைக் காரின் பின்பக்கச் சாமான் பெட்டிக்கு மாற்றினாள். குழந்தையிடமிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு. சாந்தினியிடம் சொல்ல வாயெடுத்தாள். ஒரு பவர் பேங்குக்குப் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது? கவிஷா துவண்ட கொடிபோல அவள் தோளில் சாய்ந்தாள். கழுத்தில் பட்ட மூச்சு கொதித்தது.

செமோர் கிளினிக்குக்குப் போகும் சாலையில் கல் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முன்னால் ஏதோ பழுது. சுண்ணாம்புக் குன்றின் பக்கமிருந்து தூசி பறந்து கண்ணாடியில் படிந்தது. பின் சீட்டில் கவிஷா பிள்ளை இருக்கையில் வார் போட்டபடி கண்மூடிக் கிடந்தாள். கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்த தினேஸ்வரிக்கு ஒரு சத்தம் கேட்டது. உஸ்ஸென்று, மெல்லிதாக. குழந்தைக்கு மூச்சு இழுக்கிறதோ என்று பதறி ரேடியோவை நிறுத்தினாள். சத்தம் குழந்தையிடமிருந்து வரவில்லை. அதற்கும் பின்னாலிருந்து வந்தது.

பிறகு வாசனை. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தால் வருமே, அதுபோல இனிப்பாக ஒரு நெடி.

எப்படிக் காரை ஓரம் கட்டினாள் என்று பிறகு கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. யாரோ ஹாரன் அடித்தது நினைவிருந்தது. பின் கதவைத் திறந்து, வாரைக் கழற்றி, குழந்தையை அப்படியே அள்ளிக்கொண்டு புல்மேட்டில் ஏறி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று போனது. மேட்டின் மேல் பழைய தோட்டத்து ரப்பர் மரங்கள் சில நின்றன. ஒன்றின் அடியில் போய் விழுந்தாற்போல உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, காரின் பின் கண்ணாடிக்குள் வெள்ளைப் புகை சுழன்றுகொண்டிருந்தது. போன் காருக்குள்ளேயே இருந்தது.

சாலைக்கு எதிர்ப்புறம் டயர் கடை வைத்திருக்கும் பழனியப்பன் புகையைப் பார்த்துவிட்டார். ஈரச் சாக்கோடு ஓடி வந்தவர், திறந்து கிடந்த கதவு வழியாகப் புகைக்குள் பிள்ளை இருக்கையின் விளிம்பை மட்டும் பார்த்தார். மேட்டில் உட்கார்ந்திருந்தவளை அவர் பார்க்கவில்லை. "ஐயோ, பிள்ளை! பிள்ளை உள்ள இருக்கா?" என்று அலறிக்கொண்டு, புகை கிளம்பும் இடத்தைச் சாக்கால் அமுக்கச் சாமான் பெட்டியின் கைப்பிடியில் கை வைக்கப் போனார்.

கத்த வேண்டும். 'திறக்காதீங்க' என்ற ஒற்றை வார்த்தைதான். தினேஸ்வரி வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது.  கவிஷாவை மரத்தடியில் கிடத்திவிட்டு, எந்தக் காரை விட்டு ஓடி வந்தாளோ அந்தக் காரை நோக்கியே ஓடினாள்.  உடம்பு முழுவதும் வேண்டாம் வேண்டாம் என்றது. அவர் சட்டையின் முதுகுப்புறத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் புல்லில் சரிந்தார்கள்.

அப்போது பின் கண்ணாடி வெடித்தது. பட்டாசுக் கட்டைக் கொளுத்திப் போட்டாற்போல உள்ளே சடசடவென்று சத்தம். நெருப்பு நாக்கு நீட்டி வெளியே வந்து, கைப்பிடி இருந்த இடத்தை நக்கியது. அவர் முகம் இருந்திருக்க வேண்டிய இடம்.

பழனியப்பன் படுத்தவாக்கிலேயே அவளைப் பார்த்தார். "ஏம்மா... பிள்ளை எங்க?"

அவள் மேட்டைக் காட்டினாள். அவர் எழுந்து போய்க் கவிஷாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.  லோரிக்காரர் ஒருவர் தீயணைப்பு உருளையோடு வந்தார். போம்பா தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்து முடிக்கும்போது காரின் பின்பாதி கரிக்கூடாக இருந்தது. பிள்ளை இருக்கை உருகி, ஒரு பக்கமாக வழிந்து தொங்கியது. தினேஸ்வரி அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை.

பழனியப்பன்தான் தம் வண்டியில் அவர்களைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் விட்டார். தொண்டைப் புண்ணால் வந்த காய்ச்சல், மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். யுகேந்திரன் மீன் வாடை போகாத சட்டையோடு ஓடி வந்து, மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். "சம்பால போடுன்னு சொன்னேனே," என்றான் ஒருமுறை. குற்றம் சொல்கிறானா, தன்னையே நொந்துகொள்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. அன்று சாயங்காலம் அவன் தன் போனைச் சார்ஜரில் போட சுவிட்சைத் தட்டியபோது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அவன் வயரைப் பிடுங்கிய பிறகுதான் உள்ளே வந்தாள்.

வேலைக்குத் திரும்பிய நாளன்று கேண்டீனில் குமுதாக்காவும் மற்ற பெண்களும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். முழுக்கதையும் கேட்க வேண்டுமாம். சொன்னாள். 

"எப்படி உப்பி இருந்துச்சுக்கா?" என்று கேட்டாள் புனிதா, பொட்டலம் கட்டும் பகுதியில் புதிதாகச் சேர்ந்தவள்.

"ஓரமெல்லாம் தட்டையா, நடுவுல மட்டும் வயிறு மாதிரி."

புனிதா தன் கைப்பையைத் திறந்து துழாவினாள். பிறகு மெதுவாக ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். நீல நிறம், பூப்போட்ட உறை. மேசை சமமாக இருந்தும் அது ஒரு பக்கம் சாய்ந்து, லேசாக ஆடி நின்றது.

"இது மாதிரியாக்கா?"

நாற்காலிகள் ஒன்றாகப் பின்னுக்குப் போயின. மீ கோரேங் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். புனிதா மட்டும் நகரத் தோன்றாமல் அதையே வெறித்துக்கொண்டிருந்தாள்.  தினேஸ்வரிக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

அவள் ஓடவில்லை. புனிதாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். இந்தத் தடவை குரல் வந்தது.

"யாரும் தொடாதீங்க. எல்லாரும் வெளிய போங்க. குமுதாக்கா, கேட்டுல நிக்கிற செக்யூரிட்டி கார்டைக் கூப்புடுங்க, தீ அணைக்கிற மணல் வாளிய எடுத்துட்டு வரச் சொல்லுங்க."