இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு பச்சை வயர்

இருபத்தாறு வருஷம் ராஜபாளையத்து நூல் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்த பொன்னுராஜ், மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பால் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். ஃபேன் மாட்டுவதும் டியூப்லைட் மாற்றுவதும்தான் வேலை என்று போனவரை இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே தளவாய்புரத்துப் பெண் ஜெபா ஏழு வருஷமாக ஒரே ஆராய்ச்சியைக் கட்டிக்கொண்டு அழுதாள். முனைவர் பட்டம் அந்த ஒன்றில்தான் இருந்தது.

அது என்ன ஆராய்ச்சி என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார்.

“சில உலோகத்த ரொம்பக் குளிர வச்சா கரண்டு தடையே இல்லாம ஓடும்ணே. அப்ப எலெக்ட்ரான் தனித்தனியாப் போகாது, சோடி சோடியாப் போகும். நான் அந்தச் சோடியப் பிரிச்சு, ஒண்ண இடது பக்கமும் ஒண்ண வலது பக்கமும் அனுப்புதேன். பிரிஞ்ச பொறவும் ரெண்டுக்கும் ஒரு ஒட்டு இருக்கும்.”

“அம்புட்டுச் சின்னதுல எப்படித் தெரியும்?”

“இடது பக்கம் கரண்டு துள்ளும்போதே வலது பக்கமும் துள்ளணும். சோடி பிரிஞ்சிருக்குங்கதுக்கு அதுதான் மொத அடையாளம். அது கிடைச்சாத்தான் ஒட்டைத் தேடவே முடியும்.”

மில்லில் ஒரு மோட்டார் ஏன் எரிந்தது என்றுகூட எந்த அதிகாரியும் அவரிடம் சொன்னதில்லை. இந்தப் பெண் எலெக்ட்ரானைப் பற்றிச் சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்காக எதுவும் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது. வம்பே அதில்தான் ஆரம்பித்தது.

சோடியைப் பிரிக்கும் கருவி, தலைமுடியை ஆயிரமாகக் கிழித்த கனத்தில், பெரிய உருளைக்குள் உறைந்து கிடந்தது. இருபுறமும் ஆள் உயர இரும்புப் பெட்டிகள். இடது பக்கத்தை அளக்க ஒன்று, வலது பக்கத்தை அளக்க ஒன்று.

சித்திரையில் ஒருநாள், திரையில் இடது பக்கத்துக்கு ஒன்றும் வலது பக்கத்துக்கு ஒன்றுமாக ஓடும் இரண்டு கோடுகளும் சேர்ந்து துள்ளின. ஜெபா அழுதாள், சிரித்தாள், அடுத்த மாதமே கட்டுரை எழுதினாள். அதுவும் வெளிவந்தது. பார்க்க வந்த பெரிய மனிதர்கள் தலையாட்டிவிட்டு, நல்ல பால்கோவா எந்தக் கடையில் கிடைக்கும் என்று பொன்னுராஜிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். ஆடியில் வெளியூர்த் தேர்வாளர் வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அவர் அதை ஓட்டிப் பார்த்துத் தலையசைத்தால் பட்டம்.

அந்த வாரத் திங்கட்கிழமை காலை பொன்னுராஜ் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கோடுகளும் துள்ளின. மில்லில் இரண்டு மெஷின் இப்படிச் சேர்ந்து துள்ளினால் அவர் எதைத் தேடுவார்? இரண்டுக்கும் எர்த் எங்கேயோ ஒன்றாக இணைந்து கிடக்கிறது என்று அதைத்தான் தேடுவார். பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்தார். இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே ஒரு பச்சை வயர். பங்குனிக் கடைசியில் அவரே மாட்டியது.

மில்லில் அவருடைய தம்பி இருளப்பசாமி ஒரு கையை ஒரு மெஷினிலும் மறு கையை அடுத்த மெஷினிலும் வைத்தபடி செத்தான். இரண்டுக்கும் எர்த் வேறு வேறாக இருந்ததால் கரண்டு அவன் வழியே பாய்ந்தது. அன்றிலிருந்து பக்கத்துப் பக்கத்து இரும்பு எதைக் கண்டாலும் அவர் கை தானாக வயரைத் தேடும். இணைத்துவிட்டுத்தான் மறுவேலை. யாரிடமும் கேட்பதில்லை.

சாயந்தரம் ஜெபா போனபின் வயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நிஜமாக இருந்தால் இது இல்லாமலும் துள்ளட்டும் என்று நினைத்தார்.

மறுநாள் கோடுகள் சேர்ந்து துள்ளவில்லை.

கருவிதான் எரிந்துவிட்டது என்று ஜெபா நினைத்தாள். ஒன்றரை நாள் சோறில்லாமல் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். அவள் இரண்டு பெட்டிகளிலும் சேர்த்துக் கை வைத்துவிடக் கூடாதே என்று பொன்னுராஜ் பக்கத்திலேயே நின்றார். புதன்கிழமை மத்தியானம் அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

“செத்துப் போச்சுண்ணே. காட்ட ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு காலத்துல உசிரோட இருந்துச்சுல்ல. அது போதும்.”

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பையிலிருந்து வயரை எடுத்து மேஜையில் வைத்தார்.

“சாகல ஜெபாம்மா. உசிரோடயே இல்ல. இது ரெண்டு பெட்டியையும் சேத்துக் கட்டியிருந்துச்சு. ஒரு பக்கம் ஆடுனது மறுபக்கமும் ஆடியிருக்கு. நான்தான் மாட்டுனேன்.”

அவள் வயரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “மாட்டுங்கண்ணே” என்றாள்.

வெள்ளிக்கிழமைவரை மறைக்கப் போகிறாள் என்று அவர் புரிந்துகொண்டார். தப்பு என்று தெரிந்தும் அவர் மனம் அதற்குத்தான் ஆசைப்பட்டது. ஓடிப்போய் மாட்டினார். கோடுகள் சேர்ந்து துள்ளின.

“கழட்டுங்க.” கழற்றினார். கோடுகள் தனித்தனியே போயின. அவள் பதிவு செய்தாள்.

“மாட்டுங்க.”

அவள் மறைக்கவில்லை, தப்பைத்தான் உறுதி செய்கிறாள் என்று மூன்றாவது தடவைதான் அவருக்குப் புரிந்தது. பதினொரு தடவை மாட்டிக் கழற்றினார்கள். அதன் பிறகு கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு ஒரு கடிதமும், வர வேண்டாம் என்று தேர்வாளருக்கு ஒன்றும் எழுதினாள். இரண்டும் சேர்ந்து அரைப் பக்கம். ஏழு வருஷம் அந்த அரைப் பக்கத்தில் முடிந்தது.

“எதுக்குண்ணே மாட்டுனீங்க?” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“ரெண்டுலயும் கை வச்சா சுருக்குன்னு இழுக்குன்னு நீங்க ஒருநா சொன்னீக. என் தம்பி அப்படித்தான் போனான்.”

“ஆமா. நான்தான் சொன்னேன். சொன்னதோட மறந்துட்டேன். பொறவு ஏன் சுருக்குன்னு இழுக்கலன்னு ஒருநாகூட யோசிக்கல.”

எழுந்து எல்லாவற்றையும் அணைக்கப் போனாள். இடது பெட்டியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வலது பெட்டியின் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

“செத்த நேரம் பொறுங்க” என்று பொன்னுராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பின்னால் போய்ப் பன்னிரண்டாவது தடவையாகப் பச்சை வயரை மாட்டி, திருகாணியை இறுக்கினார். கண்ணீர் மறைத்ததில் இரண்டு தரம் நழுவியது.

“இப்பத் தொடுங்க.”

அவள் இரண்டு பெட்டிகளிலும் கை வைத்தாள்.

“சுருக்குன்னு இருக்கா?”

“இல்லண்ணே” என்றாள் ஜெபா. “ஒண்ணுமே இல்ல.”

அப்படியே இரண்டு கைகளையும் எடுக்காமல் நின்று அழுதாள்.